சிசேரியன் தழும்பில் குழி: எந்தச் சிகிச்சை, யாருக்கு?

பீரியட்ஸ் ஐந்து நாளில் நிற்க வேண்டியது. பத்து, பன்னிரண்டு நாள் வரை பழுப்பு நிறத்தில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தைராய்டு டெஸ்ட், ஹார்மோன் மாத்திரை, இரும்புச்சத்து டானிக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஓர் உள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஸ்கார் டிஃபெக்ட்" என்றோ "நிஷ்" என்றோ "இஸ்த்மோசீல்" என்றோ எழுதி வருகிறது. மூன்றும் ஒன்றுதான். சிசேரியனில் கர்ப்பப்பையை வெட்டித் தைத்த இடம் முழுத் தடிமனுக்கு ஆறாமல், உள்பக்கத்தில் ஒரு குழியாக நின்றுவிட்டது என்று பொருள்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு டாக்டர் "உள்ளே கேமரா விட்டுச் சரிசெய்யலாம், சின்ன வேலை" என்கிறார். இன்னொருவர் "லேப்ராஸ்கோப்பியில் அந்த இடத்தை வெட்டித் திரும்பத் தைக்கணும்" என்கிறார். வேறொருவர் "ரெண்டு குழந்தை ஆச்சே, கர்ப்பப்பையையே எடுத்துடலாமே" என்கிறார். வீட்டில் உட்கார்ந்து பேசும்போது, எது சின்ன ஆபரேஷன், எதற்குச் செலவு குறைவு என்ற கணக்கில்தான் பெரும்பாலும் முடிவு போகிறது. அந்தக் கணக்கு இங்கே தப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இந்த ஆபரேஷன்கள் ஒரே வேலையைச் சிறிதாகவும் பெரிதாகவும் செய்பவை என்று நினைப்பதால் வரும் பிசகு அது. கேமரா வழிச் சிகிச்சை சொட்டுவதைக் குறைக்கும், சுவரைத் தடிமனாக்காது. லேப்ராஸ்கோப்பி சுவரையே புதிதாகக் கட்டும். உங்களுக்கு எது வேண்டும் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

குழி இருந்தாலே நோயா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தழும்பு இருக்கும் இடத்தில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பள்ளம் இருந்தால் அதை நிஷ் என்று அழைக்கலாம் என 2019-இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. இந்த அளவுகோலில் பார்த்தால் சிசேரியன் ஆன பெண்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு குழி தெரியக்கூடும். உப்புநீர் செலுத்தி ஸ்கேன் செய்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆனால் குழி இருப்பவர்களில் பீரியட்ஸ் முடிந்த பிறகும் சொட்டுவது ஏறக்குறைய 100-க்கு 30 பேருக்குத்தான். மற்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லை, அடுத்த குழந்தைத் திட்டமும் இல்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது என்றால் எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. ரிப்போர்ட்டைப் பத்திரமாக ஃபைலில் வையுங்கள், போதும்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுவதற்குமான அளவு 21.5 சதவீதம். சிசேரியன் கூடும்போது தழும்பும் கூடும், தழும்பால் வரும் தொந்தரவும் கூடும். "என்னைத் தைத்த டாக்டர் சரியாகத் தைக்கவில்லை" என்று மனம் நொந்து பேசும் பெண்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்று: ஒற்றை அடுக்காகத் தைப்பதா, இரட்டை அடுக்காகத் தைப்பதா என்று நெதர்லாந்தில் 2,292 பெண்களை வைத்துப் பெரிய ஆய்வே நடந்தது. 2021-இல் வெளியான அதன் முடிவில், பின்னாளில் சொட்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி முற்றி, கர்ப்பப்பை வாய் நன்றாகத் திறந்த பிறகு சிசேரியன் செய்யும்போது வெட்டு கீழே வாய்ப்பகுதிக்கு அருகில் விழுந்துவிடுவது, கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பது, ஒட்டுத்தசைகள் (ஆபரேஷனுக்குப் பிறகு உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நார்த்திசு) தழும்பை இழுப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட சிசேரியன் எனப் பல காரணங்கள் சேர்ந்துதான் குழி உருவாகிறது.

சொட்டுவது ஏன் என்றால், ரோட்டுப் பள்ளத்தில் மழைநீர் தேங்குவது போல பீரியட்ஸ் ரத்தம் அந்தக் குழியில் தங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. குழியின் சுவரில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்களும் தாமாகவே கசிகின்றன. சிலருக்கு இந்தத் திரவம் கர்ப்பப்பைக்குள் ஏறித் தேங்குகிறது. அப்போது கரு பதிவது கடினமாகலாம். அடிவயிற்று வலி, பீரியட்ஸ் நேரத்தில் கூடுதல் வலி, உறவின்போது வலி ஆகியவையும் சேரலாம்.

முடிவுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை

முதலில், சொட்டுவதற்குக் குழிதான் காரணம் என்று உறுதியாக வேண்டும். பாலிப் (கர்ப்பப்பைக்குள் வளரும் சிறு சதை), கர்ப்பப்பை வாய்ப் பிரச்சினை, அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைக்குள் வளர்வது), ஏற்கெனவே போட்டிருக்கும் காப்பர் டி, தைராய்டு எதுவும் இதே மாதிரி சொட்ட வைக்கும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யாமல் யாரும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கக் கூடாது.

அடுத்தது ஓர் எண். குழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் இன்னும் எவ்வளவு தசை மிச்சம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். ரிப்போர்ட்டில் "ரெசிடுவல் மயோமெட்ரியம்" என்ற பெயரில், மில்லிமீட்டரில் இருக்கும். வெறுமனே "ஸ்கார் டிஃபெக்ட் உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குழியின் ஆழம், நீளம், அகலம், பக்கத்தில் இருக்கும் நல்ல தசையின் தடிமன், மிச்சத் தசையின் தடிமன் ஆகிய எல்லாம் வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இது சரியாக வராது. உள் ஸ்கேன் அவசியம், முடிந்தால் உப்புநீர் செலுத்தி எடுப்பது இன்னும் நல்லது. மறுபடி ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டுமே என்று தோன்றும்தான். ஆனாலும் இந்த ஓர் எண்தான் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்லப்போகிறது.

மூன்றாவது கேள்வியை ஸ்கேன் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டுமா? டாக்டர் முன்னால் மாமியாரோ கணவரோ இதற்குப் பதில் சொல்லும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உடம்பு உங்களுடையது, பதிலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கத்தி வைக்காத வழி

குழந்தை இப்போதைக்கு வேண்டாம், சொட்டுவது மட்டுமே தொல்லை என்பவர்கள் நேராக ஆபரேஷனுக்குப் போக வேண்டியதில்லை. கருத்தடை மாத்திரை, அல்லது லெவோனார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை மெல்ல வெளியிடும் லூப் (மிரேனா போன்றவை) வைத்துக்கொள்ளலாம். பீரியட்ஸ் ரத்தமே குறைந்துவிடுவதால் குழியில் தேங்கவும் அவ்வளவாக ஒன்றும் இருக்காது. சீனாவில் நடந்த ஓர் ஆய்வில் இந்த லூப்பையும் கேமரா வழி ஆபரேஷனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஓராண்டு ஆகும்போது சொட்டும் நாட்களைக் குறைப்பதில் லூப் முன்னால் போனது. மயக்க மருந்து இல்லாமல், வெட்டு இல்லாமல் கிடைக்கும் பலன் இது. இதைச் சொல்லாமலே ஆபரேஷன் பேச்சுக்குப் போகும் டாக்டரிடம், "லூப் எனக்கு ஏன் சரிவராது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. லூப் வைத்த முதல் சில மாதங்கள் லூப்பாலேயே சொட்டலாம். பொறுமை வேண்டும். குழி பெரிதாக இருந்தால் அனுபவம் உள்ளவர், முடிந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே, வைப்பது நல்லது. மைக்ரேனோடு பார்வை மங்குபவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், புகைப்பழக்கம் உள்ள 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுக்கக் கூடாது. அப்புறம், இந்த வழி குழியை மாற்றுவதில்லை. லூப்பை எடுத்தால் சொட்டுவது திரும்பும்.

ஹிஸ்டரோஸ்கோப்பி: கேமரா வழி

பெண்ணுறுப்பு வழியாக மெல்லிய கேமராவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, குழியின் துருத்திய விளிம்பை, முக்கியமாக வாய்ப்பக்கத்து விளிம்பை, மின்கருவியால் செதுக்கிச் சரிவாக்குகிறார்கள். ரத்தம் தேங்காமல் வழிந்து போகும். குழியின் அடியில் கசியும் ரத்தக்குழாய்களையும் கருக்கிவிடுவார்கள். வயிற்றில் வெட்டு கிடையாது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சில நாட்களில் வேலைக்குப் போகலாம்.

இதன் பலனுக்கு நல்ல ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் 103 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சை செய்தார்கள், மறுபாதிக்கு எதுவும் செய்யவில்லை. மிச்சத் தசை 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். தொடக்கத்தில் இரு தரப்பிலும் மாதத்துக்கு 8 நாள் சொட்டியது. ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 4 நாள், பெறாதவர்களுக்கு 7 நாள். பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் அடியோடு நிற்கவில்லை. "செய்துவிட்டால் சுத்தமாக நின்றுவிடும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் இந்த 4 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 3 மில்லிமீட்டர் வரம்பு ஏன்? குழிக்கு அப்பால் நேராக இருப்பது சிறுநீர்ப்பை. சுவர் மெல்லியதாக இருந்தால் கருவி துளைத்துக்கொண்டு போகலாம், மின்சூடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கலாம். சில டாக்டர்கள் 2.5 வரை இறங்கிச் செய்கிறார்கள். 2-க்கும் கீழே இருக்கும் ஒருவருக்கு "சின்ன வேலை" என்று சொல்லி இதைப் பரிந்துரைத்தால் இரண்டாவது கருத்து கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சுவரின் தடிமன் கூடாது. செதுக்குவதுதானே வேலை, சேர்ப்பது இல்லையே. அடுத்த கர்ப்பத்தில் தழும்பு தாங்குமா என்ற பயம் இருப்பவர்களுக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை.

லேப்ராஸ்கோப்பி: சுவரைத் திரும்பக் கட்டுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்து யோசிக்க வேண்டும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, முதலில் சிறுநீர்ப்பையைத் தழும்பிலிருந்து பிரித்துக் கீழே இறக்குகிறார்கள். முந்தைய சிசேரியனால் இவை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஆபரேஷனின் கடினமான பகுதி இதுதான். குழி எங்கே என்று வெளிப்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் கீழிருந்து ஹிஸ்டரோஸ்கோப்பை நுழைத்து அதன் வெளிச்சத்தைக் குழியில் பாய்ச்சுவார்கள். மெல்லிய சுவர் வழியே வெளிச்சம் தெரியும் இடத்தைத் திறந்து, நாராகிப்போன பழைய தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தசையோடு நல்ல தசையைச் சேர்த்துத் தைப்பார்கள். கர்ப்பப்பை மிகவும் பின்சாய்ந்திருந்தால் அதன் நாண்களைச் சுருக்கி முன்னே கொண்டுவருபவர்களும் உண்டு. தையல் இழுபடாமல் ஆறட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த குழு ஒன்று 38 பெண்களுக்கு இப்படிச் செய்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆபரேஷனுக்கு முன் சராசரி மிச்சத் தசை 1.43 மில்லிமீட்டர். மூன்று மாதம் கழித்து 9.62. மூன்று பேரைத் தவிர எல்லோருக்கும் தொந்தரவுகள் நீங்கின. குழந்தை இல்லாமல் வந்த 18 பேரில் 8 பேர் கருவுற்று, சிசேரியனில் நல்லபடியாகக் குழந்தை பெற்றார்கள். நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஆபரேஷன் செய்யாத ஒரு குழு இல்லை. செய்யாமல் விட்டிருந்தாலும் அந்த 8 பேரில் சிலர் கருவுற்றிருக்கலாம். ஸ்கேனில் தடிமனாகத் தெரியும் சுவர் பிரசவ நேரத்தில் அதே அளவுக்கு வலுவாகவும் இருக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆகவே என் நிலைப்பாடு இது. அடுத்த குழந்தை வேண்டும், மிச்சத் தசை 2.5 அல்லது 3-க்குக் கீழே, கூடவே சொட்டுவதோ வலியோ கரு தங்காததோ இருக்கிறது என்றால் லேப்ராஸ்கோப்பிதான் பொருத்தம். சுவர் மெல்லியதாக இருக்கிறது, ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லை, இன்னும் முயற்சியே தொடங்கவில்லை என்றால் "முன்ஜாக்கிரதையாக" ஆபரேஷன் செய்துகொள்ள நான் அவசரப்பட மாட்டேன். முதலில் இயல்பாக முயன்று பார்க்கலாம். குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுப்பவர்களில், கருவை உள்ளே வைக்க வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு முறையும் கர்ப்பப்பைக்குள் திரவம் தேங்குகிறது என்றால் கதை வேறு. அங்கே குழியைச் சரிசெய்வதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு முன் கணவரின் விந்தணு, குழாய் அடைப்பு, கருமுட்டை இருப்பு எல்லாம் பார்த்திருக்க வேண்டும். மற்ற காரணத்தைத் தேடாமல் பழியைக் குழிமேல் போடுவது எளிது, அதில் ஆண்டுகள் வீணாகும்.

விலை என்ன? முழு மயக்க மருந்து, ஓரிரு நாள் ஆஸ்பத்திரியில் தங்கல், சிறுநீர்ப்பையில் காயம் படும் அபாயம், ரத்தப்போக்கு, மறுபடி ஒட்டுத்தசை. சிலருக்குக் குழி திரும்பவும் வரலாம். காத்திருக்கவும் வேண்டும். பொதுவாக ஆறு மாதம் வரை கருத்தரிக்க வேண்டாம் என்பார்கள், சிலர் அதற்கும் மேல் சொல்வார்கள். 38 வயதில் முயலும் ஒருவருக்கு அந்த ஆறு மாதம் சிறியதில்லை, அதையும் தராசில் வையுங்கள். அடுத்த பிரசவமும் வலி வருவதற்கு முன்பே தேதி குறித்துச் செய்யும் சிசேரியனாகத்தான் இருக்கும். சுகப்பிரசவ ஆசையோடு இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோபோ வழி என்று விளம்பரம் வந்தால், அது லேப்ராஸ்கோப்பியேதான். கருவி பிடிக்கும் விதம் மாறுகிறது, பில் கூடுகிறது. தைப்பவரின் பழக்கமே பெரிது.

கீழ்வழி ஆபரேஷன்

பெண்ணுறுப்பின் முன்சுவரில் வெட்டி, சிறுநீர்ப்பையை மேலே தள்ளி, குழியை வெட்டி எடுத்துத் தைக்கும் முறை. சீன மருத்துவமனைகளில் இது அதிகம் நடக்கிறது. லேப்ராஸ்கோப்பி போலவே சுவரைத் தடிமனாக்கும், வயிற்றில் தழும்பு இல்லை, கருவிச் செலவும் குறைவு. ஆனால் இடம் குறுகல். குழி மேலே இருந்தாலோ, ஒட்டுத்தசை அதிகம் இருந்தாலோ, கர்ப்பப்பை கீழே இறங்கி வராவிட்டாலோ கைக்கு எட்டாது. இந்த வழியில் நல்ல பழக்கம் உள்ளவர் அருகில் கிடைத்தால் லேப்ராஸ்கோப்பிக்கு ஈடாக வைத்து யோசிக்கலாம். பழக்கம் இல்லாதவரிடம் வேண்டாம். வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்யும் பழைய முறை, வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது சேர்த்துச் செய்வதற்கு மட்டுமே இன்று பொருந்தும்.

கர்ப்பப்பையை எடுப்பது

குடும்பம் முடிந்தது, மாத்திரையும் லூப்பும் பலன் தரவில்லை, கூடவே அடினோமயோசிஸ் அல்லது பெரிய கட்டி இருக்கிறது, வாழ்க்கையே பீரியட்ஸைச் சுற்றிப் போகிறது என்றால் கர்ப்பப்பையை எடுப்பது நியாயமான முடிவு. அப்படி முடிவெடுக்கும் பெண்ணைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கக் கூடாது.

ஆனால் 32 வயதில், பழுப்புச் சொட்டுக்காக மட்டும், வேறு எதையும் முயன்று பார்க்காமல் "இனி எதுக்கு அது" என்று எடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கருமுட்டைப் பையை விட்டுவைத்து எடுத்தாலும் மாதவிடாய் நிற்கும் காலம் சிலருக்குச் சீக்கிரம் வருகிறது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த ஆபரேஷனில் சிறுநீர்ப்பைக் காயத்தின் அபாயமும் கூடுதல். லூப்பை நாளைக்கு எடுத்துவிடலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எச்சரிக்கை

எந்தச் சிகிச்சை எடுத்தாலும், எதுவுமே எடுக்காவிட்டாலும், சிசேரியன் ஆனவர்கள் மறுபடி கருவுற்றால் 6 அல்லது 7 வாரத்திலேயே உள் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கரு தழும்புக் குழிக்குள்ளேயே பதிந்துவிடுவது, ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு நடக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்கலாம். மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கில் முடியலாம். கண் படும் என்று முதல் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ஸ்கேன் மட்டுமாவது தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால், தேதி குறிப்பதற்கு முன் டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. என் மிச்சத் தசை எத்தனை மில்லிமீட்டர்? இந்தக் குறிப்பிட்ட ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா, கடைசியாக எப்போது செய்தீர்கள்? லேப்ராஸ்கோப்பி என்றால், குழியை எப்படி அடையாளம் காண்பீர்கள்? சிறுநீர்ப்பையில் காயம் பட்டால் அதைச் சரிசெய்ய அங்கேயே ஆள் இருக்கிறாரா? மூன்று மாதம் கழித்து அதே அளவுகளோடு மறு ஸ்கேன் எடுப்பீர்களா? காப்பீடு இருந்தால், எந்தப் பெயரில் இந்தச் சிகிச்சையைப் பதிவு செய்வார்கள் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்பே எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், தழும்பை முழுதாக வெட்டி எடுத்தார்களா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், எப்போது கருத்தரிக்கலாம் ஆகிய மூன்றும் இல்லை என்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்தத் தாள் கட்டாயம் தேவைப்படும்.